கூடு தாங்கி

பறவை எண்ணுகிறவரின் தலையில் ராஜாளிகள் கூடு கட்டத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பதினெட்டு நிமிடத்துக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அதை அவரே படிவத்தில் எழுதிவைத்திருந்தார். முதல் சுள்ளி வலது தோளில் விழுந்ததும் நேரத்தைக் குறித்தார், பறவை வந்த திசை வடகிழக்கு என்று எழுதினார், சுள்ளி முள்மரத்துடையது என்று எழுதினார், பிறகு கையை இறக்கிக்கொண்டு நின்றார். அந்த மாதம் சுரங்க லாரிகளின் டயர் விலை ஏறியிருந்தது. ஊரில் முதலில் பேசப்பட்டது அதுதான்.

சுரங்கம் என்றால் குகை அல்ல. ஊருக்கு மேற்கே படிப்படியாக இறங்கும் ஒரு பெரிய குழி. தினமும் மதியம் ஒன்றரை மணிக்கு அதில் வெடி வைப்பார்கள். கடைசித் தெருவின் முப்பத்தாறு வீடுகளிலும் அந்த நேரத்தில் தண்ணீர்க் குவளையை யாரும் மேஜைமேல் வைப்பதில்லை, கையில் பிடித்துக்கொள்வார்கள். குழிக்கும் கடைசித் தெருவுக்கும் நடுவில் ஒரு மொட்டைக் குன்று மட்டும்தான் மிச்சம். முதலில் குன்று, பிறகு தெரு என்று நிறுவனத்தின் வரைபடத்தில் ஊதா நிறம் பூசியிருந்தது. அதற்கு முன்னால் சுற்றுவட்டாரப் பறவைகளை எண்ணிக் காட்ட வேண்டும் என்பது சட்டம். எண்ண வேண்டியவை இரண்டு வகை. ராஜாளி, வல்லூறு, பருந்து போன்ற இரைகொல்லிகள் ஒரு வகை. காடை, கௌதாரி இன்னொரு வகை. அலுவலகத்தில் சுருக்கமாகத் தின்கிறவை, தின்னப்படுகிறவை என்று சொல்வார்கள். இந்த வேலைக்கு வைக்கப்பட்டவர்தான் அவர். கடைசித் தெருவின் பதினொன்றாம் எண் வீட்டில் குடியிருந்தார். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. மனைவியின் தம்பி சுரங்கத்தில் வெடி வைக்கிறவன். ஒரே குடும்பத்தில் ஒருத்தர் பறவையை எண்ணச் சம்பளம் வாங்குகிறார், இன்னொருத்தன் அதைப் பறக்கடிக்கச் சம்பளம் வாங்குகிறான் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

நிற்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஓரிடத்தில் இருபது நிமிடம் அசையாமல் நின்று எண்ணுவதற்கு அமர்வு என்று பெயர். கால் கடுக்க நிற்கிற வேலைக்கு இப்படி ஒரு பெயர் வைத்தவரும் அவரே. அவர் நின்றால் தும்பி வந்து சட்டைப் பையில் உட்காரும். பேருந்து நிறுத்தத்தில் ஒருமுறை யாரோ அவர்மேல் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், சைக்கிள்காரன் திரும்பி வரும்வரை அவரும் நின்றார் என்று சொல்வார்கள். அதனால் தெருவில் அவருக்குக் கம்பம் என்று பெயர். நிறுவனத்துக்காக முப்பது பக்கத்தில் ஒரு கையேடு எழுதிக் கொடுத்திருந்தார். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், ஊகத்தை எழுதக் கூடாது. கௌதாரிக்கு மட்டும் விலக்கு; அது புதருக்குள் இருக்கிற பறவை, குரல் கேட்டால் போதும். இரைகொல்லி கூடு கட்டிவிட்டால் ஐந்நூறு மீட்டருக்குள் வெடியும் கூடாது, மனிதரும் கூடாது. மாதத்துக்கு ஒன்றாக அடுத்தடுத்து மூன்று அமர்வுகளில் பறவை வராவிட்டால்தான் கூடு கைவிடப்பட்டதாகக் கொள்ளலாம். கூட்டில் பறவை புழங்குகிற வரைக்கும் அதற்கு ஆதரவாக இருக்கிற எதையும் அசைக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை எழுதும்போது அவர் மனதில் இருந்தது மரக்கிளைதான். ஆள் தலையில் கட்டினால் என்ன செய்வது என்று கையேட்டில் இல்லை. கையேட்டில் இல்லாததை அவர் செய்கிறவரும் இல்லை.

மனைவிக்கு அன்று மதியம் செய்தி சொல்ல வந்தவர் நிறுவனத்தின் சுற்றுச்சூழல் அதிகாரி. நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது கைக்குட்டையை நான்காக மடித்துக்கொண்டே சொல்வார். அவள் மருந்துக்கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினாள். அதற்குள் குன்றைச் சுற்றி ஐந்நூறு மீட்டரில் சிவப்பு நாடா கட்டியாகிவிட்டது. தூரத்தில் அவர் ஒரு குச்சி போலத் தெரிந்தார். மேலே இரண்டு பறவைகள் போவதும் வருவதுமாக இருந்தன.

"சார், காலைல டீ மட்டும்தான் குடிச்சிட்டுப் போனாரு," என்றாள் அவள்.

"புரியுதும்மா. ஆனா ஐந்நூறு மீட்டர். அவரே எழுதுனது." அதிகாரி கைக்குட்டையை எட்டாக மடித்தார்.

கூடு கட்டி முடிக்கப் பத்தொன்பது நாள் ஆனது. தோளில் தொடங்கி, தலையைச் சுற்றி, ஒரு கதவின் அகலத்துக்கு விரிந்தது. இருபத்திரண்டாம் நாள் பெட்டை ஒரு முட்டையும் இருபத்தைந்தாம் நாள் இன்னொன்றும் வைத்தது. இனி நாற்பது நாள் அடைகாப்பு, அதன்பின் குஞ்சு பறக்க அறுபத்தைந்து நாள். ஆக நூற்றைந்து நாளில் அவர் வீடு திரும்பிவிடுவார் என்று எல்லோரும் அவளுக்குக் கணக்குச் சொன்னார்கள். அவளும் சமையலறைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு காத்திருந்தாள். இரவல் சைக்கிளைத் திருப்பிக் கொடுப்பது போல ராஜாளிகள் அவரைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்றுதான் அவள் நம்பினாள்.

இதற்கிடையில் கூட்டைக் கவனிக்க வெளியூரிலிருந்து வேறொரு பறவை எண்ணுகிறவரை வரவழைத்தார்கள். அவர் நாடாவுக்கு இப்பால் தொலைநோக்கியை நட்டு, இருபது நிமிடம் பார்த்துவிட்டு, படிவத்தில் கூடு தாங்கி என்ற கட்டத்துக்கு நேரே இப்படி எழுதினார்: பட்டுப்போன மரம், உயரம் ஐந்தடி ஏழங்குலம். படிவத்தின் நகல் அவளுக்கு வந்தது. டாக்டர்களின் கோணல் எழுத்தையே படித்துப் பழகியவளுக்கு இதைப் படிக்க ஒரு நொடி போதும். வாழ்க்கையில் அவ்வளவு கோபம் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை. நேராக அலுவலகத்துக்குப் போய், எண்ணுகிற வேலையை எனக்குக் கொடுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கையேட்டிலிருந்து நாற்பது கேள்விகள் கேட்டார்கள். அந்தக் கையேட்டைக் கணவர் எழுதும்போது பக்கம் பக்கமாகச் சத்தம் போட்டு வாசிக்கக் கேட்டவள் அவள். நாற்பதுக்கும் பதில் சொன்னாள். வேலை கிடைத்தது. முதல் படிவத்தில் கூடு தாங்கிக்கு நேரே கணவர் என்று எழுதினாள். அதிகாரி கையைப் பிசைந்தார். அந்தக் கட்டத்தில் மரம், பாறை, மின்கம்பம் மூன்றுக்கு மட்டும்தான் அனுமதி என்றார். ஒரு மணி நேரம் பேசி, மரம், உயிருள்ளது என்று எழுத இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள். அப்போது அது அவளுக்கு ஒரு வெற்றியாகவே பட்டது.

கையேட்டின்படி மாதம் ஒரு அமர்வு போதும். அவள் மருந்துக்கடைக்குப் போகுமுன் தினமும் போனாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். தொலைநோக்கியில் அவர் முகம் தபால் தலை அளவுக்குத் தெரியும். தாடி வளர்ந்தது, சட்டையின் நிறம் போனது, ஒரு பொத்தான் விழுந்தது. மழை பெய்யும்போது அவர் வாயைத் திறந்து வைத்துக்கொள்வதைப் பார்த்தாள். ஆண் ராஜாளி கொண்டுவருகிற இரையைப் பெட்டை கிழித்து முதலில், பொரிந்த ஒரே குஞ்சுக்கும், பிறகு குனிந்து அவருக்கும் ஊட்டுவதைப் பார்த்தாள். குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டை நகர்த்தி வைக்கிற மனிதர் அதை மறுபேச்சில்லாமல் விழுங்கினார். அன்று முழுவதும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சக்களத்தி வந்திருந்தால்கூட நாலு வார்த்தை பேசியிருக்கலாம், பறவையிடம் போய் என்ன பேசுவது என்று தம்பியிடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

ராஜாளி தன் கூட்டுக்கு அடியில் வேட்டையாடாது. இதைக் கௌதாரிகள் எப்படியோ தெரிந்துகொண்டன. குழி விரிய விரிய மற்ற இடங்களிலிருந்து விரட்டப்பட்ட கௌதாரிகள் ஒவ்வொன்றாக வந்து அவருடைய காலடியில் குடியேறின. முதல் வருட முடிவில் நாற்பத்து மூன்று. எண்ணுவதற்காக வரைபடத்தில் போட்டிருந்த வேறு எந்தக் கோட்டில் நடந்தாலும் ஒரு கௌதாரி இல்லை. அவர் காலைச் சுற்றி ஆறடி வட்டத்துக்குள் மொத்த வட்டாரத்துக் கௌதாரியும் இருந்தது. விடியலில் அவை கூவுவது கடைசித் தெரு வரைக்கும் கேட்கும். முட்டை வைத்த நூற்றைந்தாம் நாள் குஞ்சு பறந்தது. அவள் அவருக்கு வெந்நீர் காயவைத்தாள். ஆனால் பறந்த குஞ்சு சாயங்காலம் திரும்பி வந்தது, பெரியவையும் வந்தன. அடுத்த மாத அமர்வில் இரண்டு, அதற்கடுத்த மாதம் ஒன்று. மூன்று வெறும் அமர்வு ஒருபோதும் சேர்ந்து வரவில்லை. அதற்குள் வருடம் திரும்பிவிட்டது, ராஜாளிகள் பழைய கூட்டுக்கே புதுச் சுள்ளி கொண்டுவந்தன. அவள் சமையலறைச் சுவரில் கோடு போடுவதை நிறுத்தினாள்.

கடைசித் தெருவுக்கு அந்த இரண்டு வருடமும் நல்ல காலம். குன்றுப் பக்கம் வெடி நின்றது. சுவரில் புது விரிசல் இல்லை. தெரு போகத்தானே போகிறது என்று வீட்டை அப்படியே விட்டிருந்தவர்கள் வெள்ளையடித்தார்கள், ஒருவர் மாடிகூட எடுத்தார். தண்ணீர்க் குவளைகள் மேஜைக்குத் திரும்பின. தெரு அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அவர் தலையில் வேறு ஒன்று இருந்ததைப் பற்றி யாருக்கும் வருத்தம் இல்லை. காலையில் தொலைநோக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வெளியே வந்தால், வாசலில் நிற்கிறவர்கள் மரியாதையாகக் கேட்பார்கள்: "சார் நல்லா நிக்கிறாருங்களா?" அவள் நிற்கிறார் என்பாள். எல்லோரும் நிம்மதியாக உள்ளே போவார்கள். ஒருமுறை எதிர் வீட்டுக்காரம்மாவிடம் மனம் விட்டு, எனக்கு அவர் வீட்டுக்கு வந்துவிட்டால் போதும் என்று சொன்னாள். அந்தம்மா கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "முப்பத்தாறு வீடும்மா. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் தெருவில் யாரிடமும் அதைப் பேசவில்லை. அவர் வந்தால் வீடு போய்விடும், வீடு இருக்க வேண்டுமானால் அவர் வரக் கூடாது. இந்தக் கணக்கை எந்தப் பக்கமிருந்து போட்டாலும் அவளுக்கு ஒரே விடைதான் வந்தது.

இரண்டாம் வருடக் கடைசியில் ராஜாளிகள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டன. இருபத்து மூன்றாம் மாத அமர்வில் அவள் சுழியம் எழுதினாள். இருபத்து நான்காம் மாதமும் சுழியம். நடுவில் அவள் தினமும் போய்ப் பார்த்தாள்; ஒரு இறகுகூட இல்லை. காய்ந்த கூட்டைச் சுமந்துகொண்டு அவர் மட்டும் நின்றார். ஊட்டப் பறவை இல்லாததால் அந்த மாதங்களில் அவர் எதைத் தின்றார் என்பது சரியாகத் தெரியவில்லை. கௌதாரிகள் கொத்துகிற விதைகளில் ஒரு பங்கு அவர் வாய்க்கும் போயிருக்க வேண்டும் என்று பின்னால் சொன்னார்கள். அவர் இளைத்துக்கொண்டே வந்தது அவளுக்குத் தெரிந்தது. தெருவுக்கும் விஷயம் எட்டியது. கேட்கிறவர்கள் இப்போது சார் நிற்கிறாரா என்று கேட்கவில்லை, பறவை வந்ததா என்று கேட்டார்கள். தம்பி ஒருநாள் மதியம் மருந்துக்கடைக்கு வந்து, குன்றில் துளை போட இயந்திரம் இறங்கிவிட்டது, மூன்றாவது படிவத்துக்குத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று சொன்னான். "நீ எத எழுதுனாலும் சரிதான்க்கா," என்றான். எது சரி என்று அவனுக்கும் தெரியவில்லை.

மூன்றாவது அமர்வு காலை ஏழு மணிக்குத் தொடங்கியது. அதிகாரியும் கூட வந்து பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் பறவைகளில் காக்கையைத் தவிர வேறெதுவும் தெரியாது, கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். குன்றில் கௌதாரிகள் கூவிக்கொண்டிருந்தன. அவள் நாற்பத்தொன்று வரை எண்ணி எழுதினாள். பதினாறாம் நிமிடம் ஒரு கௌதாரி கூவலை நடுவில் நிறுத்தியது. பிறகு எல்லாமே வாயை மூடின. அப்படி ஒரு நிசப்தம் எதற்கு வரும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடமாகக் கேட்டுப் பழகியது. வானத்தில் ஏதோ ஒன்று வந்துவிட்டது. ஆனால் கௌதாரியின் குரலை எழுதத்தான் படிவத்தில் கட்டம் உண்டு, கௌதாரி சும்மா இருப்பதை எழுத இடம் இல்லை. இரைகொல்லியைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஊகிக்கக் கூடாது. அவள் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டாள். முடிவு செய்து மூடவில்லை. இமை தானாகவே இறங்கியது, அவளால் அதைத் தூக்க முடியவில்லை. ஏழு இருபதுக்கு அதிகாரி நேரம் முடிந்தது என்றார். அவள் கண்ணைத் திறந்து, குன்றைப் பார்க்காமல், படிவத்தைப் பார்த்துச் சுழியம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கையேட்டின்படி அது உண்மையான படிவம்.

அந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பும் அவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை. மூன்றே நாளில் கூடு கைவிடப்பட்டது என்று முத்திரை விழுந்தது, நாடாவை அவிழ்த்தார்கள், கடைசித் தெருவுக்கு முப்பது நாள் அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த மூன்று நாளும் அவள் குன்றுப் பக்கம் தலைகாட்டவில்லை. நான்காம் நாள் காலை, ஒரு சட்டை, சீப்பு, ஒரு ஜோடி செருப்பு, டீ நிறைந்த பிளாஸ்க் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஐந்நூறு மீட்டரையும் நடந்தாள். கௌதாரிகள் விலகி வழிவிட்டு, மறுபடி கூடிக்கொண்டன. பக்கத்தில் போனபோது கூடு ஒரு கூரை மாதிரி அவள் தலைக்கும் மேலாக நீண்டு நிழல் கொடுத்தது. அவர் முகம் அந்த நிழலுக்குள் இருந்தது. அவள் முந்தானையால் அதைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அழுகை வந்தது. இரண்டு வருடமாகத் தபால் தலை அளவுக்குப் பார்த்த முகம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் மறந்தே போயிருந்தாள்.

"வெயில்ல குடை எடுத்துட்டு வந்திருக்கலாமே," என்றார் அவர். உதடு அசையாமல் பேசப் பழகியிருந்தார்.

"வாங்க, வீட்டுக்குப் போலாம். ஆபீஸ்ல முத்திரை போட்டாச்சு. கூடு இல்லன்னு ஆயிடுச்சு."

"இருக்கேம்மா. நேத்து முட்டை வெச்சிருச்சு. லேட்டா வந்துச்சுல்ல, அதுக்கு அவசரம்."

அவள் மேலே பார்த்தாள். கூட்டின் விளிம்பிலிருந்து பெட்டை ராஜாளி அவளைக் குனிந்து பார்த்தது. மஞ்சள் கண். விரட்டவும் இல்லை, பயப்படவும் இல்லை.

"நான் கண்ண மூடிக்கிட்டேங்க," என்றாள்.

"தெரியும். கௌதாரியெல்லாம் கப்சிப்னு ஆச்சு, நீயும் தலையக் குனிஞ்ச. இங்கேருந்து நல்லாத் தெரிஞ்சுது."

"திட்டுங்க என்ன."

"எதுக்குத் திட்டணும்? எண்ணறதுக்கு எனக்கு வேற என்ன இருந்துச்சு இங்க. தினமும் உன்னத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன். எழுநூத்திப் பன்னெண்டு நாள் வந்திருக்க. இந்த மூணு நாளச் சேக்கல. அதுக்கு முன்னாடி நாலு நாள் வரல. காய்ச்சலா?"

"மூணு நாள் காய்ச்சல். ஒரு நாள் கோவம்."

அவர் சிரித்தார். கூடு லேசாக ஆடியது, உடனே நிறுத்திக்கொண்டார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவருக்கு வேர் எதுவும் விட்டிருக்கவில்லை. செருப்பு மட்டும் பாறையோடு ஒட்டிப்போயிருந்தது. வர நினைத்தால் அவரால் வந்திருக்க முடியும் என்பதுதான் அவளை அதிகம் வதைத்தது. நாற்பது நாளும் அறுபத்தைந்து நாளும் போகட்டும், குஞ்சு பறந்ததும் வந்துவிடுகிறேன் என்று அவர் சொன்னார். அதற்குள் வர வீடு இருக்காது என்று அவள் சொன்னாள். படிவத்தைத் திருத்த முடியுமா என்று கேட்டுப் பார் என்றார். அவள் பிளாஸ்கைத் திறந்து டீயைச் சிறிது சிறிதாக அவர் வாயில் ஊற்றிவிட்டு, காலி பிளாஸ்கோடு இறங்கி நேராக அலுவலகத்துக்குப் போனாள்.

அதிகாரி அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கைக்குட்டை இனி மடிக்க முடியாத அளவுக்குச் சிறியதாகிவிட்டது. படிவத்தைத் திருத்த வழி உண்டு என்றார். பார்த்தவர் தான் பார்த்ததைத் தவறாக எழுதியிருந்தால் திருத்தலாம். "அந்த இருபது நிமிஷத்துல நீங்க பறவையப் பாத்தீங்களாம்மா?" பார்த்தேன் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். எந்தத் திசையிலிருந்து வந்தது, எவ்வளவு உயரத்தில், காலில் என்ன இருந்தது என்றெல்லாம் அடுத்த கட்டங்கள் கேட்கும். அவள் கணவர் கேட்கச் சொல்லி வைத்த கேள்விகள் அவை. "பாக்கல சார்," என்றாள். அவர் பார்த்திருக்கிறார், அவரைக் கேளுங்கள் என்றாள். அதிகாரி பழைய படிவத்தை எடுத்து அவள் முன் திருப்பி வைத்தார். மரம், உயிருள்ளது. கீழே அவள் கையெழுத்து. கூட்டைத் தாங்குகிற மரத்திடம் வாக்குமூலம் வாங்க விதியில் இடம் இல்லை. புதிய கூடாகப் பதியலாம் என்றால், புதிய கூடுகளைப் பதிகிற காலம் போன மாதத்தோடு முடிந்துவிட்டது, அடுத்த வருடம்தான். சொல்லிவிட்டு அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது என்று அலுவலகப் பணியாளர் சொல்கிறார். கலங்கிய கண்ணாலும் கோப்பை மூடத்தான் முடிந்தது.

தெருவில் யாரும் அவளைத் திட்டவில்லை. அதுவே அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஒவ்வொரு வீடாகக் கட்டில், பீரோ, ஜன்னல் சட்டம் என்று லாரியில் ஏறியது. மாடி எடுத்தவர் மாடிப்படியின் கைப்பிடியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார். எதிர் வீட்டுக்காரம்மா வண்டியில் ஏறும் முன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "நிஜமாவே பறவை வரலையாம்மா?" அவள், "நான் பாக்கல," என்றாள். அந்தம்மா ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினாள். முப்பத்தாறு குடும்பத்துக்கும் பன்னிரண்டு மைல் தள்ளி அடுக்கு வீடுகள் கொடுத்தார்கள். அவளுக்கும் மூன்றாவது மாடியில் ஒன்று ஒதுக்கினார்கள். மூன்றாவது மாடியின் ஜன்னலிலிருந்து குன்று தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றார்கள். அவள் சாவியை வாங்கவில்லை. ஒரு வியாழக்கிழமை பதினொன்றாம் எண் வீட்டை இடித்தார்கள், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மடக்குக் கட்டில், ஸ்டவ், இரண்டு பாத்திரம், தொலைநோக்கி ஆகியவற்றோடு அவள் குன்றின் மேல் ஏறினாள்.

குன்றைத் தகர்க்கும் வேலை தம்பிக்குத்தான் வந்தது. மறுத்தால் வேறொருவன் செய்வான், அவன் எங்கே துளை போடுவான் என்று சொல்ல முடியாது. "அக்கா, வரைபடத்துல ஒரு வட்டம் போட்டு விட்டுடறேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணுமே இல்ல," என்றான். இரண்டு அறை அளவுக்கு ஒரு வட்டம் போட்டான். மேலாளர் கேட்டபோது, அந்த இடத்தில் பாறை சரியில்லை, துளைக் கம்பி உடைகிறது என்று எழுதிக் கொடுத்தான். குழியின் அடுத்த படியை வெட்டும்போதும் அதே இடத்தில் பாறை சரியில்லை. அதற்கடுத்த படியிலும் சரியில்லை. தினமும் ஒன்றரை மணிக்கு அவன் மூன்று முறை விசில் ஊதுவான்; அவள் இரண்டு கையாலும் கணவரின் காதைப் பொத்துவாள், தன் காதை அவர் நெஞ்சோடு அழுத்திக்கொள்வாள். வெடிச் சத்தத்துக்கு ராஜாளி கூட்டை விட்டுப் போய்விடும் என்று கையேட்டில் இருக்கிறது. கையேடு எழுதியவர் அசையாததால் அதுவும் அசையவில்லை. நாற்பதாம் நாள் குஞ்சு பொரிந்தது. நூற்றைந்தாம் நாள் பறந்தது. அதற்குள் குன்று இல்லை. குழியின் நடுவில் ஒரு தூண் நின்றது, தூணின் உச்சியில் அவர், அவர் தலையில் கூடு, காலடியில் கௌதாரிகள், பக்கத்தில் அவள்.

குஞ்சு பறந்ததும் அவர் வருவதாகச் சொன்னது பொய்யில்லை. மூன்று மாதம் முடியட்டும் என்றார், மூன்று மாதம் முடியுமுன் பெட்டை வந்துவிட்டது. மறு வருடமும் அப்படித்தான். நான்காம் வருடத்தோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அவரை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை, கூட்டிக்கொண்டு போக வழியில்லை, போவதற்கு இடமும் இல்லை. அது தன்னால்தான் என்று சில நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து அழுவாள். பிறகு அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு ஸ்டவ்வைப் பற்ற வைப்பாள். தம்பி இரும்பு ஏணி பற்றவைத்துக் கொடுத்தான். முதல் வருடம் நாற்பது படி இருந்தது, குழி ஆழம் போகப் போக ஐந்தாம் வருடம் இருநூற்றுப் பத்து ஆயிற்று. அவள் அதில் ஏறி இறங்கி மருந்துக்கடைக்கு வேலைக்குப் போய் வந்தாள். குழம்பில் உப்பு அதிகம் என்று அவர் மறுபடி குறை சொல்லத் தொடங்கினார். நிறுவனம் அமர்த்திய புதிய பறவை எண்ணுகிறவர் வேறு பக்கத்துக் கோடுகளில் நடக்கிறார். அவருடைய படிவங்களில் இந்த வட்டாரத்துக்கு ராஜாளி சுழியம், கௌதாரி சுழியம் என்றுதான் இருக்கிறது. அவர் வேலையில் குறை ஒன்றும் இல்லை.

புதிதாகச் சேரும் டிப்பர் ஓட்டுநர்கள் முதல் நாள் குழிக்குள் இறங்கும்போது தூணைப் பார்த்து வண்டியை நிறுத்தி, அது என்ன என்று வாக்கிடாக்கியில் கேட்பார்கள். மேற்பார்வையாளர் தன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். "மேல குடித்தனம் இருக்காங்க. துணி காயப்போட்டிருக்கற நேரம், தூசி கிளப்பாம மெதுவாப் போ." ஓட்டுநர் கியரைக் குறைத்துக்கொண்டு தூணைச் சுற்றிப் போவார்.